மின்தடைக்குப் பிறகு வன்தட்டில் பிழை: திருத்துவது முதலா, பிரதி எடுப்பது முதலா?

குளிர்மலை, கொட்டகலை:

அனைவருக்கும் வணக்கம். கொட்டகலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கும் ஆசிரியன் நான். வீட்டில் விண்டோஸ் 10 நிறுவப்பட்ட மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. அதில் உள்ளது 1 டெராபைட் கொள்ளளவுள்ள, சுழலும் வகையைச் சேர்ந்த ஒரே வன்தட்டு. சி, டி என்று இரு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். கடந்த வாரம் ஒரு பிற்பகலில் இடியுடன் மழை பெய்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்று, வந்து, வந்த வேகத்திலேயே மறுபடியும் நின்றது. அந்த நேரத்தில் என் மகள் தன் உயர்தர வகுப்புக் குறிப்புகளை சி பகுதியிலிருந்து டி பகுதிக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து கணினியை இயக்கும்போதெல்லாம் கறுப்புத் திரையில் 'ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் ட்ரைவ்' என்ற வரி தோன்றுகிறது. அதை ஓடவிட்டால் 12 விழுக்காட்டில் வெகுநேரம் அசையாமல் நிற்கிறது. தொடக்கத்தில் கிடைக்கும் சில விநாடிகளுக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி அதைத் தவிர்த்தால் விண்டோஸ் திறக்கிறது. ஆயினும் டி பகுதியில் சில கோப்புறைகளைத் தொட்டதும் திரை உறைந்துவிடுகிறது, அல்லது கோப்பு சிதைந்துள்ளது, வாசிக்க இயலவில்லை என்ற செய்தி வருகிறது. வன்தட்டிலிருந்து விசித்திரமான சத்தம் எதுவும் கேட்கவில்லை.

டி பகுதியில் குடும்பப் படங்களுடன், எங்கள் தோட்டத்து மரணாதாரச் சங்கத்தின் பல ஆண்டுக் கணக்குகளும் இருக்கின்றன. வேறெங்கும் பிரதி கிடையாது. இதைச் சரிசெய்ய எந்தக் கட்டளையை இயக்க வேண்டும், அவ்வாறு இயக்கினால் கோப்புகள் அழியுமா என்பதே என் கேள்வி. இன்னொன்று: மலையின் உயரத்துக்கு வன்தட்டுகள் தாக்குப்பிடிப்பதில்லை என்று பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அதில் உண்மை உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஊவாக்காற்று, பதுளை:

வணக்கம் சேர். இதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. தொடக்கப் பட்டியில் சிஎம்டி என்று தேடி, வரும் விடையின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, நிர்வாகியாக இயக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் கறுப்புச் சாளரத்தில் செக்டிஸ்க் கட்டளையை, அதாவது சி, எச், கே, டி, எஸ், கே ஆகிய ஆறு எழுத்துகளைச் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு டி என்ற எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டு, மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ஆர் என்ற எழுத்தைச் சேர்த்து என்டர் விசையை அழுத்துங்கள். சி பகுதிக்கும் இதே முறைதான்; அது பயன்பாட்டில் இருப்பதால் அடுத்த முறை கணினி தொடங்கும்போது சோதிக்கலாமா என்று கேட்கும், வொய் என்று பதில் கொடுத்தால் போதும். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுங்கள். என் கணினியில் இப்படித்தான் சரியானது.

திருகாணி, ஹட்டன்:

சேர், தம்பி சொன்ன கட்டளையை இப்போதைக்கு இயக்க வேண்டாம். கட்டளையில் தவறில்லை, பிரதி இல்லாத கணக்குகள் அதே வன்தட்டில் இருக்கும்போது அதற்குரிய வேளை இன்னும் வரவில்லை. பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் கணினிகளில் கோப்புகளைத் திரும்பப் பெற முடியாமல் போனவற்றுள் பலவற்றில், வன்தட்டு செய்த சேதத்தைவிட அவசரத் திருத்தம் செய்த சேதமே அதிகமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

வன்தட்டுப் பிழை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இருவகைப்படும். கோப்புகள் எங்கே இருக்கின்றன, எந்தக் கோப்புறைக்கு உரியவை, எந்த இடம் வெறுமையாக உள்ளது என்று குறித்து வைக்கும் அட்டவணை குழம்பிப்போவது ஒரு வகை. தட்டின் மேற்பரப்பில் தரவு எழுதப்படும் மிகச் சிறிய கட்டங்களான பிரிவுகள் சிலவற்றை வாசிக்கவே முடியாமற்போவது மற்றொரு வகை. தொழிலாளரின் பெயரையும் வேலை நாளையும் பதியும் தோட்டத்துச் செக்ரோலை எண்ணிப் பாருங்கள்: பெயர் தவறிய இடத்தில் பெயரையும் நாள் தவறிய இடத்தில் நாளையும் எழுதிச் செக்ரோலை எத்தனை முறை வேண்டுமானாலும் நேராக்கலாம்; ஆனால் தேயிலை நின்ற சரிவே இடிந்து விழுந்திருந்தால் செக்ரோலைத் திருத்துவதால் ஒரு கொழுந்தும் கிடைக்காது.

செக்டிஸ்க் அடிப்படையில் செக்ரோலைத் திருத்தும் கருவி. எந்தத் தெரிவும் இன்றி இயக்கினால் அது வாசித்துப் பார்த்து அறிக்கை மட்டும் தரும், எதையும் மாற்றாது. எஃப் தெரிவைக் கொடுத்தால் அட்டவணையைத் திருத்தும். ஆர் தெரிவைக் கொடுத்தால் எஃப் செய்வதையெல்லாம் செய்துவிட்டு, தட்டின் எல்லாப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாக வாசித்து, வாசிக்க முடியாதவற்றைக் கெட்டவை என்று குறித்து ஒதுக்கும். அட்டவணையை முரண்பாடின்றி வைப்பதுதான் அதன் நோக்கம். உங்கள் கணக்குக் கோப்பு முழுமையாக இருக்கிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. உரிமையாளர் யாரென்று அறிய முடியாத பதிவைக் கண்டால் அதை வெட்டிவிடும். வாசிக்க முடியாத துண்டு ஒரு கோப்பின் நடுவில் இருந்தால், அந்தத் துண்டை இழந்த நிலையில் அந்தக் கோப்பை முழுமையானது போல வைத்துவிடும். இவற்றை மீளப் பெறும் பொத்தான் எதுவும் கிடையாது.

நீங்கள் குறிப்பிட்ட 12 விழுக்காட்டுத் தேக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. வீட்டுப் பாவனைக்குரிய வன்தட்டு, வாசிக்க முடியாத ஒரு பிரிவைச் சந்தித்தால் உடனே கைவிடாது. பல விநாடிகள் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அட்டவணைக் குழப்பம் மட்டும் என்றால் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் குறைவு. விண்டோஸ் வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அட்டவணை மாற்றங்கள் முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதியப்படுவதால், மின்தடையால் ஏற்படும் சாதாரணக் குழப்பத்தை விண்டோஸ் தொடங்கும்போதே தானாகச் சீராக்கிக்கொள்ளும். அந்தக் குறிப்பேடு கோப்புகளின் உள்ளடக்கத்தைக் காப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஆகவே முதலில் அந்தத் தானியங்கிச் சோதனையை நிறுத்தி வையுங்கள். நிர்வாகிச் சாளரத்தில் செக்என்டிஎஃப்எஸ் கட்டளையை எக்ஸ் தெரிவுடன், சி, டி இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து இயக்கினால், அடுத்த தொடக்கத்தில் அது குறுக்கிடாது. அதன்பின் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை வேறொரு கணினியில் தரவிறக்கி, பென் ட்ரைவில் கொண்டுவந்து, அங்கிருந்தே இயக்குங்கள். பழுதான வன்தட்டில் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். வன்தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளை அது காட்டும். நீண்ட பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம், நான்கு வரிகள் போதும்: 05 என்பது கெட்டுப்போய், மாற்று இடம் வழங்கப்பட்ட பிரிவுகள், சி5 என்பது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பிரிவுகள், சி6 என்பது பிழைநீக்கம் செய்ய முடியாதவை, சி7 என்பது வன்தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு செல்லும்போது நேர்ந்த பிழைகள். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் தட்டைச் சந்தேகிக்காமல் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஈரப்பதம் மிகுந்த நம் பக்கத்தில் கேபிள் முனைகளில் களிம்பு பிடிப்பதை அடிக்கடி காண்கிறேன்.

இவற்றோடு, விண்டோஸ் பதிந்து வைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவில் டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணுடன் பதிவுகள் உள்ளனவா என்றும் பாருங்கள். 7 என்பது கெட்ட பிரிவைக் குறிக்கும். என்டிஎஃப்எஸ் மூலத்திலிருந்து வரும் 55 அட்டவணைச் சிதைவைக் குறிக்கும். எண்களை இங்கே எழுதுங்கள், அதன்பின் முடிவு செய்யலாம்.

மூடுபனி, நானுஓயா:

உயரம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தக் கதைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஆனால் அது நம் மலைகளுக்குப் பொருந்தாது. சுழலும் வன்தட்டில் வாசிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும் வேகத்தில் எழும் மிக மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதக்கிறது. காற்று மிகவும் ஐதானால் அந்தத் தலை தாழ்ந்து தட்டில் உரசக்கூடும். இதனால்தான் தயாரிப்பாளர்கள் இயக்கத்துக்குரிய உச்ச உயரத்தையும் விவரக்குறிப்பில் தருகிறார்கள். பொதுவாக அது 3,048 மீற்றர், அதாவது 10,000 அடி. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த இடமான பீதுருதாலகால உச்சியே 2,524 மீற்றர்தான். கொட்டகலையோ நுவரெலியாவைவிடத் தாழ்ந்தது. பக்கத்து லயத்து நண்பர் நிம்மதியாக இருக்கலாம்.

மலையில் கவனிக்க வேண்டியது நீர்த்துளி படிவது. குளிரில் கிடந்த கணினியை வாகனத்திலிருந்து இறக்கி, அடுப்பு எரியும் வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தவுடனே இயக்கினால், குளிர்ந்த உலோகத்தின்மேல் அறைக்காற்றின் ஈரம் படியும். விவரக்குறிப்புகள் அதிக ஈரப்பதத்தை அனுமதித்தாலும், நீர் படியாத நிலையில் என்ற நிபந்தனையோடுதான் அனுமதிக்கின்றன. சில மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு இயக்குவது நல்லது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் மறுபடி ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வரும் இடைப்பருவ இடி மின்னல்தான் இங்கே வன்தட்டுகளுக்கு உண்மையான எதிரி. வானம் இருண்டால் செருகியைச் சுவரிலிருந்து கழற்றி வைப்பதற்கு ஈடான பாதுகாப்பை நான் இதுவரை காணவில்லை. செம்புக் கம்பி வழியாக இணைய இணைப்பு வருகிறது என்றால் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும்.

குளிர்மலை, கொட்டகலை:

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே தானியங்கிச் சோதனையை நிறுத்திவிட்டு மென்பொருளை இயக்கினேன். மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 05 வரியில் 0. சி5 வரியில் 18. சி6 வரியிலும் 18. சி7 வரியில் 0. ஈவென்ட் வியூவரில் 7 என்ற எண்ணுடைய பதிவுகள் நிறைய உள்ளன; அவற்றுள் மிகப் பழையது மின்சாரம் நின்ற அன்று மாலையில் பதிந்தது. அதற்கு முன் ஒன்றும் இல்லை. 18 பிரிவுகள் மட்டுமே கெட்டிருந்தால் அது சிறிய சேதம் என்று கொள்ளலாமா?

திருகாணி, ஹட்டன்:

அந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறடி எண்முறையில், அதாவது பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடியாகக் கொண்டு, காட்டும் சேர். அங்கே 18 என்றால் நம் கணக்கில் 24. இப்போதைய வன்தட்டுகள் பலவற்றில் உண்மையான பிரிவு 4,096 பைட்டு. வெளியே அதை 512 பைட்டுகளாகப் பிரித்துக் காட்டும். உங்களுடையதும் அவ்வகையாக இருந்தால் 24 என்பது உண்மையில் 3 பிரிவுகள். எண்ணிக்கை சிறிதென்றாலும், அவை அட்டவணையின் மேல் விழுந்தனவா, ஒரு படத்தின் நடுவில் விழுந்தனவா என்பதைப் பொறுத்தே சேதத்தின் அளவு அமையும்.

நீங்கள் தந்த திகதி மிகவும் பயனுள்ளது. பிரிவு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால், தரவும் அதனோடு எழுதப்படும் பிழைத்திருத்தக் குறியீடும் பொருந்தாமற்போகலாம். மேற்பரப்பு நன்றாக இருந்தாலும் அந்தப் பிரிவை வாசிக்க முடியாது; சி5 வரியில் போய் நிற்கும். அதன்மேல் புதிதாக எழுதினால் நலமடைந்துவிடும். மேற்பரப்பே தேய்ந்திருந்தால் எழுதும் முயற்சியும் தோற்று, வன்தட்டு அதற்கு மாற்று இடம் வழங்கும். 05 வரி உயரும். உங்களுடையது முதல் வகை என்று நம்ப இடமிருக்கிறது. 05 இன்னும் 0 என்பதும் அதற்கு இசைவாகவே உள்ளது. நம்பிக்கையை வைத்து மரணாதாரச் சங்கக் கணக்கைப் பணயம் வைக்க முடியாது என்பதால், இப்போது செய்ய வேண்டிய ஒரே வேலை பிரதி எடுப்பது.

வெளி வன்தட்டு ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ இணைத்துக்கொள்ளுங்கள். அளவில் சிறியதும் ஈடு செய்ய முடியாததும் முதலில்: சங்கக் கணக்கு, மகளின் குறிப்புகள், பிறகு படங்கள், கடைசியாகத்தான் காணொளிகள். மகளின் குறிப்புகளை இரண்டு பகுதிகளிலும் தேடுங்கள். வெவ்வேறு பகுதிகளுக்கிடையே நகர்த்தும்போது பிரதி எடுத்து முடித்த பின்னரே மூலக் கோப்பு நீக்கப்படும். ஆகையால் டி பகுதியில் பாதியாக நிற்கும் கோப்பின் முழு வடிவம் சி பகுதியில் இன்னும் இருக்கக்கூடும்.

சாதாரணமாக இழுத்துப் போட்டுப் பிரதி எடுத்தால், கெட்ட இடம் வந்ததும் முழு வேலையும் நின்றுவிடும். விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பி கட்டளை இதற்கு ஏற்றது. ஆயினும் அதில் ஒரு பொறி இருக்கிறது: எதையும் சொல்லாமல் விட்டால், வாசிக்க முடியாத ஒவ்வொரு கோப்பையும் 30 விநாடி இடைவெளி விட்டு 10 இலட்சம் முறை மறுபடி முயலும். நோயுற்ற வன்தட்டை அதுவே கொன்றுவிடும். ஆகையால் ஆர் தெரிவுக்கும் டபிள்யூ தெரிவுக்கும் முக்காற்புள்ளி இட்டு 1 என்ற மதிப்பைக் கொடுங்கள். உட்கோப்புறைகளுக்காக ஈ தெரிவையும், எவை தவறின என்று அறிய லாக் தெரிவில் ஒரு கோப்புப் பெயரையும் சேருங்கள். அந்தப் பதிவுக் கோப்பும் வெளி வன்தட்டிலேயே இருக்கட்டும். இங்கே ஆர் என்பது மறுமுயற்சியைக் குறிக்கிறது; செக்டிஸ்கின் ஆர் வேறு, இது வேறு.

பிரதி நடக்கும் நேரத்தில் டிக் டிக் என்ற சத்தம் எழுந்தாலோ, வன்தட்டு நின்று நின்று மறுபடி சுழலத் தொடங்கினாலோ உடனே கணினியை நிறுத்திவிடுங்கள். அதன்பின் வீட்டில் எதையும் முயல வேண்டாம். சத்தமில்லாமல் வேகம் மட்டும் மிகக் குறைந்தால், லினக்ஸ் பென் ட்ரைவிலிருந்து கணினியைத் தொடங்கி டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் மூலம் முழு வன்தட்டையும் இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கலாம். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளி எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைப்பதால், இடையில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊருக்கு அந்த ஒரு குணத்துக்காகவே அதைப் பரிந்துரைப்பேன்.

நகலகம், தலவாக்கலை:

நான் நகல் எடுக்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் ட்ரைவுகளில் செக்டிஸ்க் ஓடிய பிறகு, கோப்புகள் காணாமற்போய்விட்டன என்று பலர் கலங்கி நிற்பார்கள். அவற்றுள் சில அழிவதில்லை, பெயரை மட்டும் இழக்கின்றன. ஃபவுண்ட்.000 என்ற மறைந்த கோப்புறை ஒன்றை விண்டோஸ் உருவாக்கி, எவருடையதென்று தெரியாத துண்டுகளை ஃபைல்0000, ஃபைல்0001 என்ற வரிசையில், சிஎச்கே என்ற நீட்சியோடு அதற்குள் போட்டு வைக்கும். மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி அமைத்தால் அந்தக் கோப்புறை தெரியும்.

அவை என்ன கோப்புகள் என்று அறிய நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பார்ப்பேன். பிகே என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கினால் அது வேர்ட் அல்லது எக்ஸெல் கோப்பாக இருக்கலாம், ஏனென்றால் இப்போதைய அலுவலகக் கோப்புகள் உள்ளே ஜிப் பொதிகளே. விழுக்காட்டுக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் தெரிந்தால் விடை வெளிப்படை. ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று ஆரம்பத்திலேயே தென்பட்டால் அது ஒரு படம். மூலத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பிரதியின் நீட்சியை அதற்கேற்ப மாற்றித் திறந்து பாருங்கள். எல்லாம் திறக்கும் என்று சொல்ல முடியாது. துண்டு முழுமையாக இருந்தால்தான் திறக்கும். பெரும்பாலான பென் ட்ரைவுகள் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்எஃப்ஏடி முறையில் இருப்பதால், ஐயா சொன்ன குறிப்பேட்டுப் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது. சங்கக் கணக்கைப் பென் ட்ரைவில் மட்டும் பிரதி எடுத்து வைப்பதை நான் விரும்பமாட்டேன்.

ஊவாக்காற்று, பதுளை:

மஞ்சள் காட்டிவிட்டது என்றால் அந்த வன்தட்டை இனி எதற்குச் சோதிக்க வேண்டும்? சுழலும் தட்டுக்குப் பதிலாக நினைவகச் சில்லுகளில் சேமிக்கும் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் கணினியும் வேகமாகும், தலைவலியும் தீரும் என்பது என் எண்ணம்.

குளிர்மலை, கொட்டகலை:

பிரதி எடுத்து முடித்துவிட்டேன். சங்கக் கணக்குகளில் ஒரு கோப்பைத் தவிர மற்றவை அனைத்தும் வந்துவிட்டன. தவறிய அந்தக் கோப்பின் அச்சுப் பிரதி பொருளாளரின் பதிவேட்டில் ஒட்டப்பட்டிருப்பதால் மறுபடி தட்டச்சு செய்துகொள்ளலாம். மகளின் குறிப்புகளில் டி பகுதியில் திறக்காமல் நின்றவை, ஐயா சொன்னபடியே சி பகுதியில் முழுமையாக இருந்தன. சில காணொளிகள் போயின, அவற்றுக்காக வருந்தவில்லை. எஸ்எஸ்டி வாங்குவது என்றும் முடிவு செய்திருக்கிறேன். இந்த வன்தட்டை அதற்குப் பின் எதற்காவது வைத்துக்கொள்ளலாமா? மின்தடையால் மீண்டும் இப்படி ஆகாமல் இருக்க எவ்வகையான யூபிஎஸ் வேண்டும்?

திருகாணி, ஹட்டன்:

தம்பியின் எண்ணம் சரிதான். விண்டோஸை எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால், கணினி இடம் கொடுத்தால் 11-க்கே போய்விடலாம். எஸ்எஸ்டி மின்தடைக்கு அஞ்சாதது என்று மட்டும் எண்ண வேண்டாம். எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அதிலும் தரவு சிதையும். பல சமயங்களில் முன்னறிவிப்பே இல்லாமல் முழுவதுமாக நின்றுபோகும். அதில் செக்டிஸ்க் எஃப் போதும். ஆர் தெரிவால் பெரிய பயன் இல்லை.

பழைய வன்தட்டைச் சோதிக்க இப்போது துணியலாம், இழக்க அதில் ஒன்றுமில்லை. செக்டிஸ்க் ஆர் கெட்ட இடங்களை ஒதுக்கிக் குறிக்குமே தவிர, அவற்றின்மேல் எழுதிப் பார்க்காது; ஆகையால் சி5 எண் அப்படியே நிற்கக்கூடும். விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, விரைவு ஃபோர்மட் என்ற தெரிவின் அடையாளத்தை நீக்கிவிட்டு முழு ஃபோர்மட் செய்தால், அந்தப் பகுதி முழுவதும் பூச்சியங்கள் எழுதப்படும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிலைபெற்ற பின் பழைய வன்தட்டை இரண்டாவதாக இணைத்து, அதன் பகுதிகளை நீக்கி ஒன்றாக்கி, முழு ஃபோர்மட் கொடுங்கள். விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 1 டெராபைட்டுக்கு இரண்டு மணி நேரம் அளவில் ஆகும். மழை இல்லாத ஒரு முற்பகலைத் தெரிந்தெடுங்கள். முடிந்ததும் ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள். சி5 எண் 0-க்கு இறங்கி, 05 எண்ணும் 0-விலேயே நின்றால், மின்தடையின் விளைவு அவ்வளவுதான் என்று கொள்ளலாம். 05 ஏறியிருந்தால், அல்லது சி5 இறங்காமல் நின்றால், அந்த வன்தட்டைக் கழித்துவிடுங்கள். அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சொல்லும் எந்த மென்பொருளையும் நம்ப வேண்டாம்.

யூபிஎஸ்ஸைப் பொறுத்தவரை, வீட்டு மேசைக்கணினி ஒன்றுக்கும் திரைக்கும் 650 விஏ அளவுள்ள லைன் இன்டராக்டிவ் வகை போதுமானது. அது வேலை செய்யத் தரும் அவகாசம் அன்று, முறையாக நிறுத்தத் தரும் சில நிமிடங்கள். லேசர் அச்சுப்பொறியை அதில் இணைக்காதீர்கள். சூடேறும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது. உள்ளிருக்கும் 12 வோல்ட் ஈய பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பேட்டரி செத்த யூபிஎஸ் பல வீடுகளில் பச்சை விளக்கோடு சும்மா உட்கார்ந்திருக்கிறது. கோப்புகளை மூடிவிட்டு, கணினி இயங்கும்போதே சுவர் ஆளியை நிறுத்தி அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது அவசியம். தோட்டத்து வீடுகளில் எர்த் கம்பி உண்மையாகவே நிலத்தோடு இணைந்திருக்கிறதா என்பதையும் மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் மின்னதிர்வைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் செருகிப் பலகைகளால் பெரிய பயன் இராது.

கடைசியாக ஒன்று. டிவைஸ் மேனேஜரில் வன்தட்டின் பொலிசீஸ் பக்கத்தைத் திறந்தால், எழுதுதற்கான இடைநினைவகத்தைக் காலி செய்வதை நிறுத்தவா என்று கேட்கும் ஒரு பெட்டி இருக்கும். வேகம் கூடும் என்று சிலர் அதில் அடையாளமிடச் சொல்வார்கள். வன்தட்டுக்குத் தனியான மின்கல ஆதரவு உள்ள இடங்களுக்கு மட்டும் உரிய தெரிவு அது. உங்கள் கணினியில் யாராவது ஏற்கனவே அதை இட்டிருந்தால், எஸ்எஸ்டி வந்ததும் முதல் வேலையாக நீக்கிவிடுங்கள்.